வெளி மாவட்டம்

ஜெயங்கொண்டம்
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை ஜெயசித்ரா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவரும் நன்றாக இருக்கிறோம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா என்பதை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

போன வாரம் மட்டும் பதினோரு தடவை போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்கிறது. ஓசூரில் இருக்கும் உங்கள் மகள் முத்தமிழைக் கேட்டால், "எனக்கும் எடுக்கிறதில்ல அத்தை. மெசேஜ் போட்டா மறுநாள் சரின்னு ஒரு வார்த்தை வருது" என்கிறாள். சரி, இந்த மனிதர் பேசாவிட்டாலும் படிக்கவாவது செய்வார் என்று போஸ்ட் ஆபீசுக்குப் போய் இன்லேண்டு லெட்டர் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடி டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மாதம் இரண்டு போடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? பதில் வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன் என்று மிரட்டுவேன். அந்த மிரட்டல் இன்னும் செல்லும்.

கவிதா அண்ணி போய் மூன்று மாதம் ஆகிறது. திருச்சி ஆஸ்பத்திரி வரை கொண்டு போயும் காப்பாற்ற முடியவில்லையே என்று நான் நினைக்காத நாள் இல்லை. முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தால்கூட அவள் நினைவு வந்துவிடுகிறது. எனக்கே இப்படி என்றால், வெங்காயக் காட்டுக்குள் ஒற்றை வீட்டில் உங்களுக்கு எப்படி இருக்கும்!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெரிய வண்டியை விற்கப் போவதாக வெங்காய மண்டியில் யாரோ பேசி இவர் காதுக்கு வந்திருக்கிறது. வெளியாளுக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? எங்களுக்கே கொடுங்கள். சந்தை விலை என்னவோ அதை இவர் தருகிறார். சுண்ணாம்புக்கல் குவாரிக்கு ஐந்து டிப்பர் விட்டிருக்கிறவர் சின்னக் காரில் போய் இறங்கினால் வாட்ச்மேன்கூட நாற்காலியை விட்டு எழுவதில்லையாம். எனக்கு அந்தப் பெருமையெல்லாம் வேண்டாம். அண்ணி உட்கார்ந்து போன வண்டி நம் குடும்பத்திலேயே இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
ஜெயசித்ரா


செட்டிகுளம்
30.6.2024

தங்கை ஜெயசித்ராவுக்கு,

அண்ணன் மணிமாறன் எழுதுவது. கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன். மாத்திரை போடுகிறேன். மாப்பிள்ளைக்கு முட்டிவலி தேவலையா?

மழை இல்லை. விதை வெங்காயம் சேமித்து வைத்த பட்டறையிலேயே கிடக்கிறது. ஆய்வதற்கு ஆள் கிடைக்கவில்லை. பாப்பாயி வேலைக்கு வருவதில்லை. இருபது வருடமாக வந்துகொண்டிருந்தவள். நானும் கூப்பிட்டு அனுப்பவில்லை.

வண்டியை விற்பது உண்மைதான். உங்களுக்கு அது வேண்டாம். டீசல் வண்டிக்கு இனிக் காலம் இல்லை. முத்தமிழ் வேலை செய்வது எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கம்பெனி என்பது உனக்குத் தெரியும். இனி எல்லாமே பேட்டரியில்தான் வரும் என்கிறாள். இப்போது இதை வாங்கினால் நாளைக்கு நீங்கள் விற்க நினைக்கும்போது வாங்க ஆள் இருக்காது. மாப்பிள்ளையை எலெக்ட்ரிக் காராகப் பார்க்கச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
மணிமாறன்


ஜெயங்கொண்டம்
14.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதிலைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. படித்து முடித்ததும் அந்தப் பாதியும் போய்விட்டது. நாலு வரி! தந்தி அடித்த காலத்தில்கூட நீங்கள் இதைவிட நிறைய எழுதுவீர்கள். இவருக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்த்து என் கைதான் தேய்கிறது.

நீங்கள் எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "உங்க அண்ணன் எப்ப இருந்து எலெக்ட்ரிக் என்ஜினீயர் ஆனாரு? பாதி வழியில சார்ஜ் தீந்துட்டா தள்ளிக்கிட்டு வர்றதுக்கு நாலு பேர பின்னாலயே பஸ்ல கூட்டிட்டு போவணுமா?" என்றார். குவாரி மண் ரோட்டில் அந்தச் சொப்பு வண்டி இரண்டு நாள் தாங்காதாம். உங்கள் வண்டியைப் போல உயரமாக, ஏழு பேர் உட்கார்ந்தாலும் தெரியாமல் இருக்க வேண்டுமாம். விலை குறையும் என்பது அவருக்கும் தெரியும். குறைந்தால் குறையட்டும், நான் ஓட்டத்தானே வாங்குகிறேன் என்கிறார்.

அண்ணா, எனக்காகக் கேட்கிறேன். நீங்கள் அந்த வண்டி எடுத்த அன்று நடந்தது மறந்துவிட்டதா? மலைக்கோயில் அடிவாரத்தில் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணியை முன் சீட்டில் ஏறச் சொன்னீர்கள். அவளுக்குக் கால் எட்டவில்லை. நான்தான் பின்னால் நின்று தூக்கிவிட்டேன். இரண்டு பேரும் சிரித்து மூச்சு வாங்கினோம். அந்தச் சீட் யாரோ ஊர்பேர் தெரியாதவனிடம் போவதை என்னால் நினைக்க முடியவில்லை.

எங்களுக்கே தருகிறேன் என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஜெயசித்ரா


செட்டிகுளம்
2.9.2024

தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. காரணம் ஒன்றும் இல்லை. எழுத உட்கார்வேன், பொழுது போய்விடும். நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

முத்தமிழ் வந்து இரண்டு நாள் இருந்தாள். அவள் கம்பெனி ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ராத்திரி மோட்டார் கொட்டகையில் பிளக்கில் மாட்டிவிட்டால் காலைக்குள் சார்ஜ் ஏறிவிடுகிறது. சத்தமே இல்லை. நான் வருவது நாய்க்குக்கூடத் தெரிவதில்லை. அவ்வளவு பெரிய வண்டியில் வந்துகொண்டிருந்தவன் இதில் வருகிறேன் என்று மண்டியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மாப்பிள்ளையிடம் சொல். எலெக்ட்ரிக் காரில் ஆயில் மாற்ற வேண்டாம். பெல்ட் அறுந்துபோகாது. கியர் இல்லை, முட்டிவலிக்கு நல்லது. பாடாலூர் பக்கம் ஹைவேயில் ஓர் ஓட்டலில் சார்ஜ் போடும் மிஷின் வைத்திருக்கிறார்கள். நானே போய்ப் பார்த்து வந்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் முக்கால்வாசி ஏறிவிடுகிறதாம். டீசல் வண்டிக்கு இன்னும் சில வருடத்தில் என்னென்ன சட்டம் வருமோ தெரியாது. பேப்பரில் வந்த இரண்டு செய்தியை வெட்டி இதனுடன் வைத்திருக்கிறேன்.

திருச்சியில் சுதர்சன் என்று ஒரு புரோக்கர். வண்டியை அவன் பார்த்துவிட்டுப் போனான். பெரிய டீசல் வண்டியைக் கேட்டு இப்போதெல்லாம் யாரும் வருவதில்லை என்று விலையை இறக்கிப் பேசினான். நான் மறுக்கவில்லை.

உங்களுக்கு அது வேண்டாம்.

அண்ணன்,
மணிமாறன்


ஜெயங்கொண்டம்
20.9.2024

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

பேப்பர் வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். சந்தோஷம். யாரோ ஒரு புரோக்கர் அடிமாட்டு விலை கேட்டால் மறுக்க மாட்டீர்கள், உடன்பிறந்தவள் முழு விலையோடு வந்து நின்றால் உங்களுக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது. இதை நான் நம்ப வேண்டும்.

வெளிப்படையாகவே கேட்கிறேன். இவர் ஆரம்பத்தில் லாரியில் கிளீனராக இருந்தவர் என்பதுதானே உங்களுக்கு உறுத்துகிறது? உங்கள் வண்டியில் இவர் போய் இறங்குவதை நாலு பேர் பார்த்தால் உங்களுக்குக் கவுரவக் குறைச்சல். என்னைப் பெண் கேட்டு வந்தபோதும் நீங்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். அப்பா சம்மதித்ததால் கல்யாணம் நடந்தது. நான் அதை மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை, மறக்கவில்லை.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று சாப்பிடும்போது மட்டும், "விடு சித்ரா. குடுக்க மனசில்லாதவங்ககிட்ட என்ன கேட்டுக்கிட்டு" என்றார். அண்ணி இருந்திருந்தால் சாவியைத் தானே கொண்டுவந்து என் கையில் கொடுத்திருப்பாள்.

ஜெயசித்ரா


செட்டிகுளம்
11.11.2024

தங்கை சித்ராவுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளையைப் பற்றி நீ எழுதியது சரியல்ல. அப்போது நான் சின்னப் பையன் புத்தியில் நடந்துகொண்டேன். இப்போது அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. நீ நம்பாவிட்டாலும் அதுதான் உண்மை.

வண்டி போய்விட்டது. போன வியாழக்கிழமை சுதர்சன் ஆளோடு வந்து எடுத்துப் போனான். பின் கண்ணாடியில் முத்தமிழ் பெயர் ஒட்டியிருந்ததே, அதை அவனே பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டான். வாங்குகிறவர் பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னேன், வெளி மாவட்டத்துக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று. "உங்க கண்ணுலயே படாது சார்" என்றான்.

ஷெட் காலியாக இருக்கிறது. வெங்காய மூட்டை அடுக்கலாம் என்று இருக்கிறேன். இன்னும் அடுக்கவில்லை.

அண்ணன்,
மணிமாறன்


ஜெயங்கொண்டம்
26.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணி இல்லாத முதல் பொங்கல் எப்படிப் போயிற்று? முத்தமிழ் வந்தாளா? நான் உங்களோடு கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். இப்போது கோபமெல்லாம் பறந்துவிட்டது. ஏன் என்று கேளுங்கள்.

வண்டி எங்கள் வாசலில் நிற்கிறது! உங்கள் வண்டியேதான். அதே வெள்ளை, அதே நம்பர், இடது பக்கக் கதவில் மாட்டுக்கொம்பு கீறிய கோடுகூட அப்படியே இருக்கிறது.

இவர் செய்த வேலைதான். எனக்குத் தெரியாமல் அந்தப் புரோக்கரைத் தேடித் திருச்சிக்கே போயிருக்கிறார். டீசலுக்கு ஆள் கிடைக்காமல் வண்டி அவன் யார்டில் இரண்டு மாதமாகத் தூசி படிந்து நின்றிருக்கிறது. அவன், "வெளி மாவட்டத்துக்குத்தான் குடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றானாம். இவர், "எங்க அரியலூர் வெளி மாவட்டம்தானய்யா? பிரிச்சு எத்தன வருஷம் ஆச்சு, உனக்குத் தெரியாதா?" என்றாராம். அவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டானாம். பெரம்பலூரும் அரியலூரும் ஒன்றாக இருந்த காலத்திலேயே நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள், அண்ணா!

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "பாத்தியா, உங்க அண்ணன் குடுக்கலன்னா என்ன?" என்று அவர் மீசையைத் தடவியதைப் பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு நடை போய் வந்தோம். முன் சீட்டில் நான்தான் உட்கார்ந்தேன். அண்ணி மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வேர்க்கடலை வாங்கி வழியெல்லாம் கொறித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச்சில் அண்ணியின் முதல் திதிக்கு இந்த வண்டியில்தான் வரப்போகிறோம். அவள் வண்டியே அவள் திதிக்கு வரும். உங்களுக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள்.

உங்கள் தங்கை,
ஜெயசித்ரா


செட்டிகுளம்
8.2.2025

சித்ராவுக்கு,

கடிதம் பார்த்தேன். எல்லோரும் நலம் என்று அறிந்தேன்.

திதி மார்ச் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. வாருங்கள். அந்த வண்டியில் வர வேண்டாம். பஸ்ஸில் வாருங்கள். பெரம்பலூரில் இறங்கினால் நான் ஆட்டோ அனுப்புகிறேன்.

முடிந்தால் அந்த வண்டியைக் கொடுத்துவிடுங்கள். நஷ்டம் எவ்வளவோ அதை நான் தருகிறேன்.

மணிமாறன்


ஜெயங்கொண்டம்
15.2.2025

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

பஸ்ஸில் வா என்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கிய வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு இவர் முட்டிவலியோடு மூன்று பஸ் மாறி வர வேண்டும், அதுவும் உங்கள் கவுரவத்துக்காக. நஷ்டத்தையும் தருகிறீர்களாம். அந்த வரியை மட்டும் நான் அவரிடம் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் இந்த ஜென்மத்துக்கும் அவர் உங்கள் வாசலை மிதிக்க மாட்டார்.

நமக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. அண்ணியும் போய்விட்டாள். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அதையும் ஒரு வண்டிக்காக அறுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். டீசல், பேட்டரி, சட்டம், பேப்பர் எதுவும் இனி எனக்கு வேண்டாம். உண்மையான காரணத்தை எழுதுங்கள். எழுத முடியாது என்றால் திதிக்கு நாங்கள் வரவில்லை. அதற்குப் பிறகும் வர மாட்டோம். இதைக் கோபத்தில் எழுதவில்லை. மூன்று நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஜெயசித்ரா


செட்டிகுளம்
27.2.2025

சித்ராவுக்கு,

காரணம் கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் முத்தமிழுக்கும் தெரிய வேண்டாம்.

அன்று காலையில் கவிதாவுக்கு நெஞ்சு வலித்தது. பட்டறை ஓரம் உட்கார்ந்துவிட்டாள். நான் மோட்டார் கொட்டகையில் இருந்தேன். பாப்பாயிதான் அவளைத் தாங்கிப் பிடித்தாள். தன் போனிலிருந்து 108-க்குச் சொன்னதும் அவள்தான். நான் வந்து பார்க்கும்போது கவிதாவுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. பேசினாள்.

ஆம்புலன்ஸ் கால் மணி நேரத்தில் வந்துவிட்டது, சித்ரா. நம் காட்டுப் பாதையில், கேட் வரைக்கும் வந்தது. அதில் ஒரு பெண் இருந்தாள். கவிதாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "சார், ஆக்ஸிஜன் வச்சு பெரம்பலூருக்கு கொண்டு போயிடறோம். அங்க மொதல்ல பாத்துருவாங்க. அப்புறம் திருச்சி போய்க்கலாம்" என்றாள். நான், "வேணாம்மா. நேரா திருச்சிக்கே போயிடறேன். எங்கிட்ட வண்டி இருக்கு" என்றேன்.

பாப்பாயி குறுக்கே வந்து, "அய்யா, அவுங்க சொல்றத கேளுங்கய்யா" என்றாள். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள். பிறகு ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் திரும்பிப் போக வழி வேண்டும் என்பதற்காக நம் வண்டியை நான்தான் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். ஆம்புலன்சில் போகிறவர்கள் வண்டி வாசல் இல்லாதவர்கள் என்று என் மனதில் இருந்தது. இவ்வளவு பெரிய வண்டியை வாங்கி ஷெட்டில் வைத்துக்கொண்டு மனைவியை ஆம்புலன்சில் ஏற்றுவதா என்று தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை. இந்த ஒரு வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்யவில்லை. செய்ய எதுவும் இருக்கவில்லை. உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார்கள். சேர்த்துப் பார்த்தோம், முடியவில்லை என்று உங்களிடம் சொன்னது பொய். அவள் அந்த முன் சீட்டில்தான் செத்தாள்.

அதனால்தான் அந்த வண்டி நம் வீட்டு விசேஷத்துக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். நீ அந்தச் சீட்டிலிருந்து இறங்கி வருவதை என்னால் பார்க்க முடியாது. வெளி மாவட்டம் என்று சொன்னபோது அரியலூர் என் நினைவிலேயே இல்லை. அது நம் ஊர் என்றுதான் எனக்கு இருந்தது.

திதிக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம்.

மணிமாறன்


ஜெயங்கொண்டம்
6.4.2025

அண்ணனுக்கு,

நானும் இவரும் நலம். உங்கள் உடம்பு இளைத்துப் போயிருக்கிறது, திதியன்று பார்த்தேன். தனியாகப் பஸ்ஸில் வந்து, இலை போட்டதும் சாப்பிட்டு, உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிட்டேன். வாய் வரவில்லை. நீங்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று முழுக்க மனதுக்குள் உங்களைத் திட்டினேன். மறுநாளும் திட்டினேன். இன்னும் முடியவில்லை. அண்ணி எனக்கு அண்ணி மட்டும் இல்லை. என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவள். அவளை யாரோ ஒரு பெண் ஆக்ஸிஜனோடு வந்து கூப்பிட்டிருக்கிறாள், நீங்கள் வழிவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். நானும்தான் அந்தச் சீட்டில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு போனேன். உங்கள் கடிதம் வந்த பிறகு நான் கடலை வாங்கவே இல்லை.

வண்டியைக் கொடுத்துவிட்டோம். இவரிடம் நான் காரணத்தைச் சொல்லவில்லை. உங்கள் பழைய கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஆயில் மாற்ற வேண்டாம், பெல்ட் அறுந்துபோகாது, முட்டிவலிக்கு நல்லது என்று நீங்கள் எழுதியதையெல்லாம் நானே சொல்வது போல் ஒரு வாரம் சொன்னேன். டீசல் புகை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு முட்டுகிறது என்றும் சொன்னேன். கடைசியில், "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே கிறுக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு கேரளா ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நல்ல நஷ்டம். அதைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது. எலெக்ட்ரிக் கார் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கரண்ட் போகும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார். நான் வாங்கிக்கொள்கிறேன்.

உங்களை மன்னித்தேன் என்று எழுத எனக்கு வரவில்லை. உங்களை விட்டுவிடவும் முடியவில்லை. இருப்பதை இருக்கிறபடி எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வீட்டிலிருந்து திருச்சி வரை நடந்ததை நீங்கள் எழுதவே இல்லை. கேட்டைத் தாண்டினீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள். நடுவில் அண்ணி என்ன பேசினாள்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? எனக்கு அது வேண்டும். எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
ஜெயசித்ரா


செட்டிகுளம்
20.4.2025

அன்புத் தங்கை சித்ராவுக்கு,

நலமாக இருக்கிறேன். பாப்பாயி வீட்டுக்குப் போய் வந்தேன். உட்காரச் சொன்னாள். வேலைக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முத்தமிழைப் பற்றியும் சொல்லவில்லை. பேசியதே கொஞ்சம்தான்.

சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தேன். கேட் தாண்டியதும், "பாப்பாயிக்கு டீத்தண்ணி குடுக்கல" என்றாள். பாடாலூர் வரை கண்ணை மூடியிருந்தாள். அங்கே ஹைவேயில் ஏறியதும் கண்ணைத் திறந்து, "ஏசிய கொறைங்க, குளிருது" என்றாள். குறைத்தேன். நான் ரொம்ப வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். "எதுக்குங்க இவ்ளோ வேகம்? மெதுவாவே போங்க, இப்ப பரவால்ல" என்றாள். வலி விட்டுவிட்டது என்று நினைத்தேன். அவள் சொன்னபடி மெதுவாகப் போனேன்.

கொஞ்ச தூரம் போனதும் கதவு ஓரத்தைக் கையால் தடவிக்கொண்டே ஒன்று சொன்னாள். "அந்த ஆம்புலன்ஸ்ல போயிருந்தா தூக்கித் தூக்கிப் போட்டிருக்கும். நம்ம வண்டி ஆடவே இல்லீங்க."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தூங்குகிறாள் என்று இருந்துவிட்டேன். சமயபுரம் டோலில் வண்டி நின்றபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

போன கடிதத்திலேயே இதை எழுதியிருக்கலாம். ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியதை எழுத முடிந்தது, இதை எழுத முடியவில்லை. வண்டி ஆடவே இல்லை என்று அவள் சொன்னாளே, அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது, சித்ரா. பாடாலூரிலிருந்து சமயபுரம் வரைக்கும் நான் அந்தப் பெருமையோடுதான் ஓட்டிக்கொண்டு போனேன்.

அண்ணன்,
மணிமாறன்